மேல் பக்கம்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அண்ணியின் தையல் கடையில் வேலை நெருக்குகிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வாடகை அறையில் இருக்கும் மின்விசிறி மட்டும் என்னைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களின் தொலைபேசியில் உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாம் பேசி முடிப்பதற்குள் அவர்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று தொழிற்சாலையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் போலிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புது வகுப்பறைகள், அதுவும் நான் வரைந்த சுவர்ப் பலகைகளில், அதுவும் உன் கையால்! நீ என் அண்ணன் என்று இங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை. சலுகை என்று நினைத்துவிடுவார்கள். கட்டடம் எழுந்ததும் சொல்லி எல்லாரையும் அசத்தலாம் என்று இருக்கிறேன்.

பலகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இதற்குக் கலவை வேண்டாம், பூச்சு ஆள் வேண்டாம். தூண்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பலகையின் தலையிலும் ஒரு நாக்கு, அடியில் அதற்கேற்ற பள்ளமாக ஒரு காடி. மேலே வருவதன் காடி கீழே இருப்பதன் நாக்கைக் கவ்விக்கொள்ளும். அந்த நாக்கு உள்பக்கம் படியாக உயர்ந்து, வெளிப்பக்கம் பார்த்துச் சரிந்திருக்கும். மழைத் தண்ணீர் இடுக்கில் நுழைந்தாலும் படி ஏற முடியாமல் வழிந்து வெளியே போய்விடும். ரப்பர் பட்டை ஒட்டி அனுப்புவதால் அந்தச் சரிவு உன் கண்ணில் படாது. அதைப் பற்றி நீ கவலைப்படவும் வேண்டாம்.

இதுவரை எங்கள் ஆட்களே போய்ப் பொருத்தி வந்தார்கள். வெளியாள் ஒருவர் கையில் கொடுப்பது இதுதான் முதல் தடவை. அதனால் பலகையிலேயே ஒரு குறிப்பு அச்சிட வேண்டும் என்று பேச்சு வந்தது. மேலாளர் அம்புக்குறி போதும் என்றார். நான் விடவில்லை. அம்புக்குறியைப் பார்த்து யார் என்ன புரிந்துகொள்வார்களோ, பச்சைத் தமிழில் இரண்டு வார்த்தை போட்டுவிடலாம் என்று மல்லுக்கட்டி ஜெயித்தேன். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்து வைத்தால் போதும். குழந்தைகூடத் தப்பு செய்யாது.

அண்ணிக்கு என் அன்பு. முதுகைப் பார்த்துக்கொள், நீயே எதையும் தூக்காதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 20

அன்புள்ள பென்சிலுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். முதுகு இருக்கும் இடமே தெரியவில்லை. இவ்வளவு பெரிய வேலையில் இருப்பவளை இன்னும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று உன் அண்ணி கேட்கிறாள். குச்சியாக இருந்துகொண்டு கண்ட இடத்திலெல்லாம் கிறுக்கியது யார் குற்றம்? நீ சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் அதே உடம்புதானா?

பலகைகள் லாரிகளில் வந்து இறங்கியதும் பாதித் தெரு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. தெருக்கோடி காண்ட்ராக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். செங்கல்லைத் தவிர வேறெதையும் மதிக்காதவர். அவர் வந்து நின்று, "என்னப்பா, சீட்டுக்கட்டு அடுக்கறியா?" என்று கேட்டார். என் தங்கை வரைந்தது, நீங்கள் கையால் தள்ளிப் பாருங்கள் என்றேன். தள்ளிப் பார்த்தார். அப்புறம் தோளைத் தேய்த்துக்கொண்டே போனார்.

உண்மையில் அடுக்கியது போலத்தான் இருந்தது. செங்கல் சுவர் இடுப்பளவு எழும் நேரத்தில் இங்கே ஒரு வகுப்பறையே எழுந்து நின்றது. தலைமையாசிரியை தினமும் வந்து பார்க்கிறார். எந்தப் பலகையைக் கண்டாலும் "இவரோட தங்கச்சிதான் கண்டுபிடிச்சாங்களாம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார். நான் காதில் விழாதவன் மாதிரி நின்றுகொள்கிறேன். காதில் விழுகிறது.

இது நல்லபடியாக முடிந்தால் ஊர் நூலகக் கட்டடத்தையும் எனக்கே தருவதாக நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுக்கு மதில் கட்டியும் கழிவறை கட்டியும் ஓட்டியவன் நான். என் பேர் சொல்லும்படி ஒரு கட்டடம் நிற்பது இதுதான் முதல் முறை. இதற்கு மேல் எழுதினால் தற்பெருமையாகிவிடும், அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அண்ணன்

*

ஜூன் 19

அன்புள்ள பென்சிலுக்கு,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் நலம். அண்ணிக்கு லேசாகச் சளி. மழை தொடங்கிவிட்டது.

வகுப்பறைகளைத் திறந்து பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டார்கள். வெள்ளைச் சுவரும் புது மேசையுமாகப் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஒரு சின்னச் சந்தேகம். இந்த மாதிரிப் பலகைச் சுவர் முதல் மழையில் கொஞ்சம் ஈரம் காட்டுவது வழக்கமா? ரொம்ப இல்லை. புதுப் பானை கசிகிற மாதிரி, பழகினால் நின்றுவிடுமா? பக்கத்து ஊரில் ஒருவர் இந்தப் பலகையைப் பற்றி விசாரித்தார், அவருக்குப் பதில் சொல்வதற்காகக் கேட்கிறேன். அவசரம் இல்லை. நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்புடன்
அண்ணன்

*

ஜூன் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் சளி போய்விட்டதா? மழையில் நனைந்துகொண்டு வேலை பார்க்காதே என்றால் நீ கேட்கமாட்டாய். எனக்கு ஒரு குறையும் இல்லை.

பக்கத்து ஊர்க்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல். ஈரம் காட்டவே காட்டாது. முதல் மழையிலும் இல்லை, பத்தாவது மழையிலும் இல்லை. இங்கே சோதனைக் கூடத்தில் சுவரை நிறுத்திவைத்துக் குழாயால் பீய்ச்சி அடித்துப் பார்த்திருக்கிறோம். பின்பக்கம் காகிதத்தை ஒட்டிவைத்தால் அதுகூட நமுத்துப்போகவில்லை. என் பலகைக்குள் தண்ணீர் வர வேண்டுமென்றால் அது ஏணி போட்டு ஏறித்தான் வர வேண்டும்.

அவர் சுவர் கசிந்தால் அது பலகையின் குற்றமாக இருக்காது. ரப்பர் பட்டையைப் பிய்த்திருப்பார், அல்லது பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பார், அல்லது வேலை தெரியாத ஆளை வைத்துச் செய்திருப்பார். நம் ஊரில் எதையும் சொன்னபடி செய்தால் கௌரவக் குறைச்சல் அல்லவா? உன்னை மாதிரி ஒழுங்காகச் செய்கிறவர்கள் எத்தனை பேர்!

நூலக வேலை என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

உன் தங்கை

*

ஜூலை 10

அன்புள்ள தங்கைக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அண்ணி தேறிவிட்டாள்.

பக்கத்து ஊர்க்காரர் என்று யாரும் இல்லை. உன்னிடம் நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்ததால் அப்படி எழுதினேன். கசிவது நம் வகுப்பறைகள்தான். கசிவு என்று சொல்வதுகூடப் பூசி மெழுகுவதுதான். ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் தண்ணீர் வரிசை வரிசையாக உள்ளே இறங்குகிறது. தரை முழுக்கத் தண்ணீர். பிள்ளைகளைப் பழைய கூடத்துக்கே மாற்றிவிட்டார்கள். தலைமையாசிரியை சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாக, "உங்களை நம்பித்தான் பிள்ளைங்களை உள்ள உட்கார வச்சேன்" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீ எழுதியிருந்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ரப்பர் பட்டை ஒன்றுகூடப் பிய்யவில்லை. தலைகீழாக எதுவும் இல்லை, அப்படி வைக்கவும் முடியாது, நாக்கு மேலே வந்தால்தானே அடுத்தது உட்காரும்? திருப்பி வைத்திருப்பேனோ என்று சந்தேகமே வேண்டாம். நீ அச்சிட்டிருந்த "மேல் பக்கம்" எல்லாப் பலகையிலும் வெளியே பார்த்துத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் நானே நின்று சரிபார்த்து வைத்தேன். வெள்ளையடித்து மறைத்திருந்தாலும், மழையில் சுவர் நனைந்தவுடன் உன் எழுத்து வெள்ளைக்கு உள்ளேயிருந்து தெரிகிறது. தெருவில் போகிறவர்கள் "மேல் பக்கம், மேல் பக்கம்" என்று படித்துக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே தப்பு என் வேலையில்தான் எங்கோ இருக்கிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. தூண் இடைவெளியில் கோணல் இருக்குமோ? தெருக்கோடிக்காரர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. என்னைப் பார்த்தால் குடையை விரித்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

உனக்கு என்ன தோன்றுகிறது என்று சீக்கிரம் எழுது. உன் பேரும் இதில் கெட்டுப்போகிறதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். காய்ச்சல் வந்துவிட்டது. அது போனதும் வேலை பிடித்துக்கொண்டது. இப்போது பரவாயில்லை. உன் முதுகு, அண்ணியின் உடம்பு எல்லாம் எப்படி?

உன் கடிதத்தைப் படித்தேன். கஷ்டமாக இருந்தது. இங்கே சில சோதனைகள் நடக்கின்றன. அலுவலகத்திலிருந்து உனக்கு முறைப்படி பதில் வரும். அது அலுவலகக் கடிதம், அதற்கென்று ஒரு பாஷை உண்டு. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

தூண் இடைவெளியை எதற்கும் ஒரு முறை அளந்து பார்.

இங்கேயும் நல்ல மழை. சாலையெல்லாம் தண்ணீர். என் அறைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மருந்துக் கடை திறந்திருக்கிறார்கள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

உன் தங்கை

*

செப்டம்பர் 4

ஐயா,

தங்கள் கட்டட வேலையில் நீர்க்கசிவு ஏற்பட்டதாகப் பள்ளி நிர்வாகத்திடமிருந்து வந்த புகார் பரிசீலிக்கப்பட்டது. எங்கள் பலகைகளில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை.

தாங்கள் தந்த விவரங்களின்படி, எழுத்து முத்திரையுள்ள முகம் வெளிப்புறம் இருக்குமாறு பலகைகள் பொருத்தப்பட்டுள்ளன. அது உட்புறம் இருக்க வேண்டும். பலகைகள் உள்வெளி மாறியதால் சரிவு உள்நோக்கி அமைந்து நீர் உள்ளே செலுத்தப்படுகிறது. இது முழுக்கப் பொருத்தியவரின் தவறு. எங்கள் வரைபடத்தில் இவ்விவரம் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. எனவே இதில் நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை.

பலகைகளைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினால் கசிவு நிற்கும் எனத் தெரிவித்துக்கொள்கிறோம். இக்கடிதத்தின் நகல் பள்ளி நிர்வாகத்துக்கும் அனுப்பப்படுகிறது.

இப்படிக்கு,
வடிவமைப்புப் பிரிவுப் பொறியாளர்
(நிறுவனத்துக்காக)

*

செப்டம்பர் 17

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் கடிதமும் அதன் கீழே தங்கள் கையெழுத்தும் கிடைக்கப்பெற்றேன்.

தாங்கள் குறிப்பிட்ட வரைபடம் என்னிடம் வந்து சேர்ந்ததாக நினைவில்லை. ஆனால் வரவில்லையே என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டியவன் நான். முத்திரையுள்ள முகத்தை வெளியே வைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை. பலகைகளை மாற்றிப் பொருத்திவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது தங்கள் கடிதத்தைத் தலைமையாசிரியை படித்துக் காட்டினார். நானும் எழுந்து நின்று அதையே சொல்லிவிட்டேன்.

எல்லாப் பலகைகளையும் கழற்றி என் பொறுப்பில் திருப்பி வைத்துக் கொடுக்கிறேன். இதனால் தங்கள் நிறுவனத்துக்கு ஏற்பட்ட தொந்தரவுக்கு வருந்துகிறேன்.

தங்களுக்குக் காய்ச்சல் வந்திருந்ததாக அறிந்தேன். பூரண குணமாகிவிட்டதா என்று அலுவலகக் கடிதத்தில் கேட்கலாமா கூடாதா தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பொருத்தியவர்

*

அக்டோபர் 5

அன்புள்ள உனக்கு,

அண்ணி எழுதுகிறேன். சுகமா? என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அளவு குறித்துக் குறித்து, எண்களைத் தவிர வேறொன்றும் என் கைக்கு வரமாட்டேன் என்கிறது. நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

அவர் நன்றாக இருப்பதாக எழுதியிருப்பார். நன்றாக இல்லை. கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் வேறு காண்ட்ராக்டரிடம் போய்விட்டார்கள். இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு தானும் சேர்ந்து பலகை தூக்குகிறார். வீட்டுக்கு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை. நான்தான் கழற்றிவிடுகிறேன். முன்புறத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டார், பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். நூலக வேலை தெருக்கோடிக்காரருக்குப் போய்விட்டது.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். உங்கள் நிறுவனக் கடிதத்தைப் படிக்கும் வரைக்கும் இவருக்காகப் பேச நாலு பேர் இருந்தார்கள். பலகையே மட்டமாக இருக்கலாம், இவர் அப்படிக் கவனக்குறைவான ஆள் இல்லை என்று சண்டை போட்டார்கள். கீழே யார் கையெழுத்து என்று தலைமையாசிரியை சொன்னதும் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர், "சொந்தத் தங்கச்சியே எழுதுதுன்னா அப்புறம் என்ன, உண்மையாத்தான் இருக்கும்" என்றார். உன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். "ஆமா, தப்பு என்னுதுதான், என் கண்ணுதான் பிசகிடுச்சு" என்றார். உட்காரும்போது நாற்காலி எங்கே என்று தடவினார்.

நான் ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், உனக்கு நீயே சொல்லிக்கொள். நான் துணி தைக்கிறவள். என்னிடம் ஒரு துணியைக் கொடுத்து மேல் பக்கம் எது என்று கேட்டால் வெளியே தெரிகிற பக்கத்தைத்தான் காட்டுவேன். மேல் பக்கம், உள் பக்கம் என்றுதான் எங்கள் கடையில் பேச்சு. உன் அண்ணன் பாஷையிலும் மேல்பூச்சு என்றால் வெளிப்பூச்சுதான். நீ அதை உள்ளே இருக்க வேண்டிய பக்கத்தில் அடித்திருக்கிறாய். என்ன நினைத்து அடித்தாய்?

இவரிடம் இதைச் சொன்னேன். "அவ படிச்சவ, ஏதாவது காரணம் இருக்கும், நீ கிளறாதே" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

அக்டோபர் 15

அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அண்ணி எழுதியதால் தெரியும். அவரைத் திட்டாதே.

மேல் பக்கம் என்று நான் எழுதியது, இந்த முனை மேலே வர வேண்டும் என்ற அர்த்தத்தில். நாக்கு இருக்கும் முனை. வெளியே தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று உள்பக்கத்து முகத்தில், மேல் ஓரமாக அச்சிடச் சொன்னேன். நாக்கு இருக்கும்போது எந்த முனை மேலே வரும் என்று யாருக்கும் சொல்லவே வேண்டாம். சொல்ல வேண்டியிருந்தது எது உள்ளே எது வெளியே என்பதுதான். அதை நான் சொல்லவில்லை. சொன்னது வேண்டாத ஒன்று, அதுவும் நேர் எதிராகப் புரியும்படி. வரைபடத்தை அனுப்பலாமா என்று அலுவலகத்தில் கேட்டபோதுகூட, என் இரண்டு வார்த்தை போதும் என்று நிறுத்தியது நான்தான். நீ என்னை நம்பி, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே செய்தாய்.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்று நீ கேட்பாய். உன் ஜூலைக் கடிதத்தில், எல்லாம் வெளியே பார்த்திருக்கிறது என்ற வரியைப் படித்த அந்த நிமிஷமே தெரியும். சோதனைக் கூடத்துக்குப் போய்ப் பலகைகளைத் திருப்பி வைத்துக் குழாயைத் திறந்தேன். உள்பக்கம் தண்ணீர் கொட்டியது. மேலாளர் வந்து என்னவென்று கேட்டார். "மாத்திப் பொருத்திட்டாங்க சார்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை பார், அவ்வளவு கெட்டிக்காரி நான். எதனால் மாற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அம்புக்குறி போட்டிருக்கலாம் என்று அவர் சொல்லிவிடுவார், எல்லார் முன்னாலும் என் மூக்கு உடைந்துவிடும் என்ற பயம்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதை எழுத இந்தத் தாளை மூன்று முறை கிழித்துவிட்டேன். பொருத்தியவர் பேரில் தப்பைப் போட்டு ஒரு கடிதம் அடித்துவிடு என்று மேலாளர் சொன்னார். போகும்போது திரும்பி, "யாரும்மா அந்த ஆளு, உனக்குத் தெரிஞ்சவரா?" என்றார். "ஊர்ப் பக்கத்து ஆள் சார்" என்றேன்.

உன்னை, அண்ணா. உன்னைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் போய் அந்தக் கடிதத்தை அடித்துக் கையெழுத்தும் போட்டேன். காய்ச்சல் எதுவும் வரவில்லை. அதுவும் பொய்தான். அலுவலகக் கடிதத்தில் என் காய்ச்சலை விசாரித்திருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து கண்ணாடியில் முகம் பார்க்கவே கூசுகிறது.

இன்று காலை மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் கேட்டார். என் வேலை என்னவாகும் என்று இன்னும் தெரியாது.

தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது, என் அண்ணன் மீது ஒரு குற்றமும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். நீ படித்துப் பார். அவரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம்.

உன் தங்கை என்று எழுதிக்கொள்ளலாமா?

*

நவம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் இருக்கிறோம். முதுகுக்கு வைத்தியம் பார்க்கிறேன். அண்ணி நலம். அவளை நான் திட்டவில்லை, திட்டினால் யார் சாப்பாடு போடுவது?

கொடுப்பதும் கொடுக்காததும் என் விருப்பம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. சின்ன வயதிலிருந்து நீ எதை உடைத்தாலும் நான்தான் உடைத்தேன் என்று சொல்லியே பழக்கியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன் என்று உனக்கு எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை இருந்திருக்கும். நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அன்றைக்கே முன்புறத் தெரு வழியாக நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். பெற்றோர் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும் என்றும் நானே கேட்டுக்கொண்டேன்.

படித்தார்கள். நான் பின்னால் நின்றேன். ஊர் முன்னால் உன் பேர் கெடுவதைக் கேட்கக் கேட்க என் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. இன்னும் சத்தமாகப் படிக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். உன் அண்ணன் அப்படியும் நினைக்கக்கூடியவன் என்று உனக்குத் தெரியட்டும். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனாலும் படிக்கச் சொன்னது சரிதான், அதில் மாற்றமில்லை.

பலகைகளைத் திருப்பி முடித்துவிட்டேன். போன வாரம் பெய்த மழையில் உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நீ போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. நூலக வேலை போனது போனதுதான், திரும்பி வராது.

வார்த்தை தப்பாவது யாருக்கும் நடக்கும். தெரிந்துகொண்டும் சொல்லாமல் இருந்தாய், அதையும் பயம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பக்கத்து ஆள் என்றாயே, அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. மண்வெட்டியைத் தூக்கினாலும் அது ஞாபகம் வருகிறது, சோற்றில் கை வைத்தாலும் ஞாபகம் வருகிறது. இது ஆற நாளாகும்.

கூட்டம் கலைந்தபோது ஒரு பெண்மணி என்னிடம் வந்து, "ஏங்க, பாவம், உங்க தங்கச்சிக்கு வேலை போயிடுமா?" என்று கேட்டார். பதில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். "போனா போகட்டுங்க, அண்ணன் நான் இருக்கேன்ல" என்று வாய் சொல்லிவிட்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஆகவே வேலை போனால் நேரே வீட்டுக்கு வா, போகாவிட்டாலும் ஒரு நடை வந்துவிட்டுப் போ. வந்தால் அண்ணி பேசுவாள். நான் சில நாள் பேசமாட்டேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடாதே.

அண்ணன்